சட்டைப் பையில் ஃபியூஸ்

மணி அடித்ததும் வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். வந்திருந்தவன் ஏசி மெக்கானிக். போன மாதம் இதே வீட்டின் ஐந்தாம் மாடிச் சன்னலுக்கு வெளியே, ஏசியில் கை வைத்தபோதுதான் அவன் அண்ணன் ஷாக் அடித்துக் கீழே விழுந்து இறந்தார்.

"ஃபியூஸைக் கழட்டாமலே கை வெச்சுட்டாரு தம்பி. நான் என்ன பண்ண முடியும்?" என்றார் வீட்டுக்காரர்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அண்ணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழி உண்மைதானா என்று பார்க்கத்தான், பாதியில் நின்ற வேலையை இவன் ஏற்றுக்கொண்டான். அழுகை வரவில்லை. அன்றிலிருந்தே எதுவும் வரவில்லை, மனசு மரத்துப் போயிருந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பழக்கம். வெளியே இறங்குகிறவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அது பையில் இருக்கிற தைரியத்தில், கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர்கூட வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டின் மின் பலகையில் மற்ற ஃபியூஸ்கள் பழுப்பேறியிருந்தன. ஏசியுடையது மட்டும் புத்தம் புதிது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, இடுப்பு பெல்ட்டின் கயிற்றைச் சன்னல் கம்பியில் கட்டி, வெளியே விளிம்பில் இறங்கினான்.

நல்ல வெயில். கீழே தெருவின் இரைச்சல்.

திடீரென்று அது நின்றது.

கருகிய வயர் வாசனை.

மூடியைக் கழற்றி உள்ளே கையை நீட்டினான்.

"டெஸ்டர் வெச்சியாடா?"

காதோரம் அண்ணனின் குரல்.

"ஃபியூஸ் பையில இருக்குண்ணே" என்றான், பழக்க தோஷத்தில்.

"எனக்கும் இருந்துச்சுடா."

கை நின்றது. டெஸ்டரை வைத்தான்.

அதன் விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து வீட்டுக்காரர் கள்ளத்தனமாக இழுத்த இன்னொரு வயர், இயந்திரத்தின் பின்பக்கமாக வந்து சேர்ந்திருந்தது. இந்த வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினாலும் அதில் கரண்ட் ஓடும்.

உள்ளே வந்து பையில் கை விட்டான். இரண்டு ஃபியூஸ்கள் வந்தன. ஒன்று புதிது. இன்னொன்று பழுப்பேறியது, ஓரம் உடைந்தது. சூடாக இருந்தது.

வீட்டுக்காரருக்கு வாய் குழறியது. "அதை... அவர் பையிலேருந்து எடுத்து நான்தானே சாக்கடையில போட்டேன்!"

கோபம்கூட வரவில்லை. அண்ணிக்குப் போன் போட்டான்.

"அண்ணி, அண்ணன் ஃபியூஸைக் கழட்டியிருக்காரு."

"தெரியும் தம்பி." அண்ணி சாதாரணமாகத்தான் பேசினாள். பின்னால் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. "இப்பத்தான் வந்தாரு, குளிச்சிட்டிருக்காரு. ஃபியூஸை உங்ககிட்ட குடுத்துட்டேன்னு சொன்னாரு."