ஒரு சிவப்புக் காரின் ஏக்கவிலை

மாலை ஐந்து மணிக்கு ஏக்கமானி அந்தச் சிவப்புப் பந்தயக் காரின் விலையைச் சொன்னது: இரண்டு கோடியே எண்பது லட்சம்.

"நேத்தைக்கு இன்னிக்கு அஞ்சு லட்சம் ஏறிப்போச்சுங்க்கா," என்றார் மதிப்பீட்டாளர் நஞ்சப்பன். "குடுத்துப் போடுங்க. அண்ணன் உசுரோட இருந்தாலும் இந்த விலைக்குக் குடுத்திருப்பாரு."

"அவரா? என்னைய வேணா குடுத்திருப்பாரு," என்றாள் அவர் மனைவி பூங்கோதை.

முன்பெல்லாம் பழைய கார்களுக்கு விலை சொல்லப் பத்துப் பேர் கூடுவார்கள். மொத்தம் எத்தனை வண்டி செய்தார்கள், எஞ்சின் முதலில் பூட்டியதுதானா, யார் ஓட்டியது என்று துருவிப் பார்ப்பார்கள். பதினைந்து வயதில் ஒரு காருக்கு ஏங்கியவர்கள் ஐம்பதில் காசோடு வருவார்கள். அந்தத் தலைமுறை போனதும் விலை படுத்துவிடும். விலை என்பதே ஏக்கம்தான் என்று புரிந்துகொண்ட விஞ்ஞானிகள் கடைசியில் ஏக்கத்தையே அளந்துவிட்டார்கள். எல்லார் காதிலும் இருக்கும் செவிமணி, எந்தக் காரை நினைத்து மனம் கனக்கிறது என்று ஏக்கமானிக்குச் சொல்லிவிடும்.

அதன் திரையில் உலக வரைபடம். ஏங்குகிறவர்கள் அங்கங்கே மங்கலான புள்ளிகளாகத் தெரிந்தார்கள். டொராண்டோவில் மட்டும் ஒரு புள்ளி கங்குபோல் எரிந்தது.

டொராண்டோவில்தான் மகள் நித்திலா இருந்தாள். கல்யாணத் தகராறில் கிளம்பிப் போனவள் பதினோரு வருடமாகப் பேசவில்லை. அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. ஏழு வயதில், அப்பாவின் தலைக்கவசம் மூக்குவரை இறங்க, இதே காரில் தூங்கிப்போகிறவள்.

"விக்கலைங்க தம்பி. எம்புள்ளைக்கு வேணும்."

நஞ்சப்பன் போனதும் பூங்கோதை காரில் ஏறி உட்கார்ந்து மகளை அழைத்தாள். நித்திலா உடனே எடுத்துவிட்டாள்.

"வித்துட்டீங்களாம்மா?"

"இல்ல சாமி. நீ இதையே நெனச்சுட்டு இருக்கறது தெரிஞ்சுது. வந்து எடுத்துக்க."

"எனக்கெதுக்குங்க? அதுல ஏறுனாலே வாந்தி வரும். மணிக்கொருக்கா விலையத்தான் பாத்துட்டு இருக்கேன். மூணு கோடி தொட்டதும் தள்ளிவிட்டு எம்பங்கை அனுப்பிருங்க," என்று வைத்துவிட்டாள்.

காருக்கான ஏக்கத்தையும் அதன் விலைக்கான ஏக்கத்தையும் பிரித்துப் பார்க்க ஏக்கமானிக்குத் தெரியாது.

பூங்கோதை பக்கத்து இருக்கையைத் தடவினாள். தோல் சில்லிட்டிருந்தது. அவளுக்குக் கார் வேண்டாம், கோடி வேண்டாம். அங்கே சாய்ந்து தூங்கிய பிள்ளை வேண்டும். அவள் காதிலும் செவிமணி இருந்தது. அந்த ஏக்கமும் காரின் கணக்கிலேயே சேர்ந்தது.

கைபேசி அலறியது. பதினோரு வருடத்தில் நித்திலா தானாக அழைப்பது இதுதான் முதல் முறை.

"அம்மா! மூணு கோடியே இருவது லட்சம்!" அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அங்க என்னம்மா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. சும்மா வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன்."

"அப்படியே உக்காந்திருங்க. எந்திரிச்சிராதீங்க."