விழுங்கும் சத்தம்

முதல் கரண்டி இறங்கியபோது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டது சரியான சத்தம்தான். அதற்குப் பிறகு, மூச்சு வரவேண்டிய இடத்தில், யாரோ விம்முவது போல ஒன்று கேட்டது.

அக்காவுக்கு இந்தச் சத்தங்கள் அத்துப்படி. பேச்சு போனவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் திரும்பக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. எத்தனையோ தொண்டைகளில் இப்படி ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை வைத்துக் கேட்டவள். இன்று எதிரே உட்கார்ந்திருப்பது சொந்தத் தங்கை. விபத்துக்கு முன்னால் அவளுக்கு வீட்டில் பேரே வாயாடி; "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்டி" என்று கும்பிடாதவர் கிடையாது. மயக்கம் தெளிந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை. இன்று ஒழுங்காக விழுங்கிவிட்டால் மூக்குக் குழாயைக் கழற்றி, நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று அக்கா தவித்துக் கிடந்தாள்.

"சமத்து. இன்னும் கொஞ்சம்."

ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மங்க, மருந்து வாடையும் புரையேறாமலிருக்க மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரின் வாசனையும் அறைக்குள் தேங்கி நிற்க, வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டபடி தூரமாய்ப் போய் அடங்க, தங்கை கண் இமைக்காமல் அக்காவையே பார்த்தபடி இரண்டாவது கரண்டியை விழுங்கினாள்.

"அக்கா."

உதடு அசையவில்லை. குரல் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டது. வாயாடியின் குரலேதான்.

தூக்கம் கெட்டால் மூளை என்னவெல்லாம் செய்கிறது பார் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அக்கா வட்டை அழுத்தி வைத்தாள்.

"ஊட்டாதக்கா. இவ முழுங்க முழுங்க நான் கீழ போறேன்."

இவ?

நிமிர்ந்தாள். தங்கை கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டி. கீழ வை."

களுக்.

கழுத்தில் குரல் இல்லை. வட்டை நெஞ்சுக்கு இறக்கினாள். அங்கே இருந்தது. மெலிந்து.

"அக்கா... பிடிச்சுக்கோ..."

களுக்.

விலாவுக்குக் கீழே. வெறும் முனகல்.

ஐயோ! கரண்டியைப் பிடுங்கி வீசினாள். தங்கை கிண்ணத்தையே தூக்கினாள். நிதானமாகக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை. ஒரு தடவைகூடப் புரையேறவில்லை.

அக்கா மண்டியிட்டாள். வயிற்றில் வட்டை அழுத்தினாள். இங்கே. இன்னும் கீழே.

ஒன்றும் இல்லை.

தலைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு கை அவள் கூந்தலை மெல்லத் தடவியது. பிறகு அதே குரல், இப்போது உதடுகளிலிருந்து, கணீரென்று:

"வீட்டுக்குப் போலாமா, அக்கா?"