பாதத்தின் மேல்பக்கம்

மதிவாணனின் இரண்டு பாதங்களிலும் மேல்பக்கம் சிவந்திருந்தது.

குதிகால் சிவந்திருந்தால் அவர் மனைவி வினோதாவுக்குப் புரிந்திருக்கும். முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவருக்குப் படுக்கை அழுத்தும் இடமெல்லாம் புண் வரப் பார்க்கும். அதற்காகத்தான் நேரம் பார்த்துத் திருப்பிப் போடுவது, அதற்காகத்தான் காற்று மெத்தை. நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் கூரையைப் பார்த்துக் கிடக்கும் பாதத்தின் மேல் எது அழுத்தும்?

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஞானமேரி, கட்டைவிரலால் அந்தச் சிவப்பை அமுக்கி எடுத்தார்.

"அமுக்கினா வெளுக்கணும். இது வெளுக்கவே மாட்டேங்குது, உள்ள சதை கெடுது. யாரும்மா கால் மேல ஏறி நின்னது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வினோதா சிரிக்கவில்லை.

அந்தக் கால்களின் மேல் ஏறி நின்றவள் ஒருத்திதான். தட்டாஞ்சாவடியிலிருந்து அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து, பாதங்களின் மேல் ஏறி, பேன்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "நட" என்பாள். அவர் சமையலறை வரை நடந்தாக வேண்டும். அரியாங்குப்பம் பாலத்தில் லாரி இடித்தபோது ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்தவளும் அவள்தான். மதிவாணன் பாலத்தின் மேலேயே விழுந்தார். கவிநிலா ஆற்றில்.

அவருக்கு அது தெரியாது. குழந்தை அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அழுதால் சளி கட்டும்; இருமக்கூட அந்த நெஞ்சில் பலம் கிடையாது. குணமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த சொந்தக்காரர்களில், எப்போது குணமாகும் என்று டாக்டரைக் கேட்கத்தான் ஆளில்லை.

கிளம்பும்போது ஞானமேரி வாசலில் நின்றார்.

"திடீர்னு மூஞ்சி வேர்த்து, தலைய வலிக்குதுன்னாருன்னா தூக்கி உக்கார வை. கீழ ஏதோ அழுத்துதுன்னு அர்த்தம். அவருக்குத் தெரியாது, ஒடம்புக்குத் தெரியும். மூத்திர டியூப் மடங்கியிருக்கா, துணி இறுக்குதா பாரு. எதுன்னு கண்டுபுடிச்சி எடுத்துடு. எடுக்கலன்னா பிரஷர் ஏறி ஆளே போயிடுவாரு. எனக்கு ஃபோன் அப்புறம் போடு."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டெட்டால், பவுடர், நனைந்த கொடித்துணி என்று அறையில் எப்போதும் இருக்கும் வாசனைகளுக்குக் கீழே இன்னொன்று மெல்ல ஊறி வந்தது. ஆற்றுச் சேறு. அவர்கள் குடியிருந்த சாரம் பகுதியில் மழை பெய்தால் சாக்கடை நாறும், இது அதில்லை. இந்த வாடையை வினோதா ஒரே ஒரு தடவை, ஒரு வெள்ளைத் துணியை விலக்கியபோது முகர்ந்திருக்கிறாள்.

"வினோ. தலை வலிக்குது."

முகமெல்லாம் வேர்வை. தூக்கி உட்கார வைத்தாள். டியூப் நேராக இருந்தது. லுங்கி தளர்வாக இருந்தது. போர்வையை உருவினாள்.

"கவி வந்துட்டாளா?"

"அவ அத்தை வீட்லதாங்க இருக்கா."

"கால் மேல நிக்கிறாளே. எனக்குக் காலே தெரியல, அவ நிக்கிறது தெரியுது." வலியிலும் அவர் முகம் மலர்ந்திருந்தது. "கனமாயிட்டா, வினோ. எங்கக்கா என்னா தீனி போடுதோ."

பாதங்களின் மேல் தோல் குழிந்தது. இரண்டு சின்னக் குழிகள். அவற்றின் முனையில் விரல் தடங்கள். ஓரத்தில் நீர்.

எதுன்னு கண்டுபுடிச்சி எடுத்துடு.

"எறங்கு கண்ணு," என்றாள். "அப்பாவுக்கு வலிக்குது."

"எறக்காத. நிக்கட்டும்." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் செருகியது.

குழிகள் ஆழமாயின.

வினோதா கட்டிலருகே கால்களைச் சேர்த்து வைத்து நின்றாள்.

"அம்மா கால்ல ஏறிக்க. அம்மா நடக்கிறேன்."

மழைச் சத்தம். அவர் நெற்றியில் வேர்வை அடங்கியது. குழிகள் மெல்ல மறைந்தன.

"போயிட்டாளா?" என்று கேட்டு, பலமில்லாத அந்த நெஞ்சால் அழத் தொடங்கினார்.

முதலில் அவள் பாதங்களின் மேல் ஈரம். பிறகு குளிர். பிறகு கனம். நாலு வயதுக் குழந்தையின் கனமில்லை; ஆற்றையே குடித்த கனம். நைட்டியை இரண்டு கைப்பிடிகள் பற்றின. பற்றிய இடத்தில் துணி சுருங்கிச் சொட்டியது.

சமையலறைப் பக்கம் திரும்ப முயன்றாள். முடியவில்லை. வலது கால் வாசலை நோக்கி எழுந்தது. அவள் தூக்கவில்லை.

இடது கால்.

வலது.

"வினோ," என்றார் பின்னாலிருந்து. "என்னைத் திருப்பிப் போட்டுட்டுப் போ."

வாசற்படி. மழை. தெற்கே, அரியாங்குப்பம் பாலத்தைப் பார்த்த தெரு. அவள் பாதங்களின் மேல் மட்டும் மழை விழவில்லை.