பல் டாக்டரின் மூன்று கல்யாணங்கள்

செல்போன் அலறியது.

துப்பறிவாளன் உடனே எடுக்கவில்லை. சாவிக் கடைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறை அலுவலகத்தில், ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி, எதிர்க் கட்டடத்தில் ஒரு கணவன் யாருக்குப் பூங்கொத்து வாங்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முறை அலறியது.

"என்னம்மா? வேலையா இருக்கேன்..."

"ஏங்க... அம்மாவைக் கொன்னுடுவார் போலிருக்குங்க!"

திரை கையிலிருந்து நழுவியது.

"யாரு?"

"அந்தப் பல் டாக்டர்தான்! வெள்ளிக்கிழமை அம்மா கட்டிக்கப் போறாங்களே... அவரேதான்!"

துப்பறிவாளனின் மாமியார் நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஒன்பது வருடம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் மனசையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர். அறுபது தாண்டிய காதல் என்பதால் குடும்பமே சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தது.

இப்போது சிரிப்பு நின்றது.

"விவரமா சொல்லு!"

"அவருக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருக்காம். ஒண்ணு இல்லீங்க... நிறைய! எந்தப் பொண்டாட்டியும் இப்ப உயிரோட இல்லையாம்!"

"யார் சொன்னா?"

"கேள்விப்பட்டேன். இன்னிக்குப் புதன். நடுவுல ஒரே ஒரு நாள்தான் இருக்கு. நீங்கதாங்க எங்கம்மாவைக் காப்பாத்தணும்!"

ஏழு வருட மண வாழ்க்கையில் அவள் அவனிடம் இப்படிக் கெஞ்சியதே இல்லை. துப்பறிவாளனின் நெஞ்சு விம்மியது.

"இதோ கிளம்பிட்டேன்! பதிவு அலுவலகத்துக்குத்தான். ஒருத்தன் பொண்டாட்டியை மறைக்கலாம். பதிவை மறைக்க முடியாது!"

"அப்படியே நம்ம கல்யாணச் சான்றிதழையும் வாங்கிட்டு வந்துடுங்க. என் பாஸ்போர்ட்டுக்கு வேணும். மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்..."

"கொலைகாரனைப் பிடிக்கப் போறேன்! நீ சான்றிதழைப் பத்திப் பேசறே!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அது பயமா, சிரிப்பா என்று அவன் ஆராயவில்லை.

மற்றவர் வீட்டுப் பெருமூச்சுகளை ஆராய்வதுதான் அவன் தொழில்.

பதிவு அலுவலகத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுடையது. மற்றொன்று, ஆன கல்யாணங்களைத் தேடுகிறவர்களுடையது. நடுவே ஒரு சிவப்புக் கயிறு. முதல் வரிசையில் ஓயாத பேச்சு. இரண்டாவதில் ஒருவரும் பேசவில்லை.

துப்பறிவாளன் இரண்டாவது வரிசையின் பழைய வாடிக்கையாளன்.

"வாங்க, மோப்பக்கார சார்!" கவுன்ட்டர் அம்மணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "இன்னிக்கு யாரோட புருஷன்?"

"என் மாமியாருக்கு வரப்போற புருஷன்."

முத்திரைக் கட்டை அவள் கையில் அந்தரத்தில் நின்றது. அப்புறம் 'டொப்'பென்று இறங்கியது.

"அப்படியா சேதி... பேரையும், உத்தேசமா எந்தெந்த வருஷம்னும் எழுதிக் குடுங்க. எந்த ஊர்ல கல்யாணம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

"இந்த மாவட்டத்துல பண்ணியிருந்தா இங்க இருக்கும். வேற மாவட்டத்துல போய்ப் பண்ணிட்டு இங்க குடி வந்திருந்தா, அங்கதான் போய்த் தேடணும். ஆள் எங்க இருக்கார்ங்கறது கணக்கில்லை. கல்யாணம் எங்க நடந்துச்சு... அதான் கணக்கு."

"எனக்கே பாடம் நடத்தறீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் மறந்துடறீங்களே!" அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னொண்ணும் இருக்கு சார். சில பேருக்கு எந்த ஊர்ல தேடினாலும் கிடைக்காது. ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணுவாங்க. கையெழுத்தெல்லாம் போட்ட பத்திரத்தை இங்க கொண்டு வந்து குடுக்க மட்டும் மறந்துடுவாங்க. அது வந்து சேராம நாங்க எப்படிப் பதியறது?"

"மடப்பசங்க!" துப்பறிவாளன் வாய்விட்டுச் சிரித்தான்.

கவுன்ட்டர் அம்மணி சிரிக்கவில்லை.

சுவரோரமாகப் பொதுமக்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். யார் பெயரையும் தேடலாம். துப்பறிவாளன் உட்கார்ந்து விரல்களைச் சொடக்கினான். பல் டாக்டரின் பெயரை அடித்தான்.

ஒரு வரி வந்தது.

"மாட்டினான்!"

அதன் கீழே இன்னொரு வரி.

அதற்கும் கீழே...

இன்னொன்று!

மூன்று கல்யாணங்கள்! ஒரே ஆள், ஒரே பிறந்த தேதி, மூன்று வெவ்வேறு வருடங்கள்! மனைவிகளின் பெயர்? திரையில் இல்லை. பழைய பதிவுகளுக்குக் கணவன் பெயரும் தொகுதி எண்ணும் மட்டுமே கம்ப்யூட்டரில் ஏறியிருந்தன. மீதிக்குப் பழைய பதிவேட்டுத் தொகுதியைப் புரட்ட வேண்டும்.

"மூணையும் எடுங்க!" என்று கவுன்ட்டரில் கத்தினான்.

"கத்தாதீங்க சார். பக்கத்து வரிசையில புது ஜோடி பயந்துக்குது." கவுன்ட்டர் அம்மணி சாவிக்கொத்துடன் உள்ளே போனாள்.

துப்பறிவாளன் செல்போனைக் காதில் பொருத்திக் கிசுகிசுத்தான்.

"மூணு பொண்டாட்டி!"

"ஐயோ!"

"பதறாதே. நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்கன்னுதாங்க தைரியமா இருக்கேன். சான்றிதழ் வாங்கிட்டீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

கனத்த மூன்று தொகுதிகள் மேஜையில் வந்து இறங்கின. காகித அடையாளம் வைத்திருந்த இடத்தில் முதல் தொகுதியைத் திறந்தான். மணமகள் பெயரைக் குறித்துக்கொண்டான். பெரிய, சுழித்த, கர்வமான கையெழுத்து. பாவம்!

இரண்டாவதைத் திறந்தான்.

துப்பறிவாளன் புருவம் சுருங்கியது.

அதே பெயர்.

மூன்றாவதைத் திறந்தான்.

அதே பெயர்! அதே பிறந்த தேதி! அதே தகப்பனார்! கையெழுத்து மட்டும் சின்னதாக, கோடு நடுங்கி, பாதியில் மூச்சு வாங்கி நின்று எழுதியதுபோல் இருந்தது.

மூன்று கல்யாணம்... ஒரே பொண்டாட்டி!

ஒரு கணம் மூளை ஸ்தம்பித்தது. மறுகணம் பாய்ந்தது.

"புரிஞ்சு போச்சு!" என்று மேஜையைத் தட்டினான். "ரெண்டு தடவை முயற்சி பண்ணியிருக்கான். தப்பிச்சுட்டா! மூணாவது தடவை கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கி... முடிச்சுட்டான்!"

"இல்லை, தம்பி."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

துப்பறிவாளன் திரும்பினான்.

பல் டாக்டர் நின்றிருந்தார்! பக்கத்தில் மாமியார், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு அனுமதிப் பத்திரம் வாங்க வந்தோம்," என்றார் பல் டாக்டர். துப்பறிவாளனைத் தாண்டி மூன்றாவது தொகுதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "முதல் தடவை சின்ன வயசு. ரெண்டு பேருக்குமே வாய் ஜாஸ்தி. பிரிஞ்சோம். பிரிஞ்சதுக்கப்புறம் பார்த்தா, சண்டை போட வேற ஆளே கிடைக்கலை. மறுபடி கட்டிக்கிட்டோம். மறுபடி பிரிஞ்சோம்."

"மூணாவது...?"

"மூணாவது தடவை சண்டையே இல்லை. அவளுக்கு உடம்பு முடியலை. ஆஸ்பத்திரியில, நெருங்கின சொந்தம் யாராவது கையெழுத்துப் போடணும்னாங்க. சொந்தம்னு சொல்லிக்க அவளுக்கு வேற யாரும் இல்லை. எனக்கும்தான்." அவர் அந்த நடுங்கிய கையெழுத்தை விரலால் தொடாமல், காகிதத்தின் ஓரத்தை மட்டும் தொட்டார். "அதுக்காகவே மறுபடி கட்டிக்கிட்டோம். கட்டில்லயே உக்காந்து கையெழுத்துப் போட்டா. 'இந்தத் தடவையாவது ஒழுங்கா இரு'ன்னா. இருந்தேன். ரெண்டு மாசம்தான் இருக்க விட்டா."

சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

துப்பறிவாளன் தொகுதிகளை ஒவ்வொன்றாக மூடினான். சத்தம் வராமல் மூடினான்.

"மன்னிச்சுக்கங்க, சார்..."

"உங்க தொழிலாச்சே, தம்பி. நானும் எத்தனையோ பேர் வாயைத் திறந்து பார்த்தவன்தான்."

மாமியார் முன்னால் வந்தார்.

"இந்த மூணு பக்கத்தையும் நான் போன வாரமே பார்த்துட்டேன் மாப்பிள்ளை."

"அத்தை! நீங்களா?"

"யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு நீங்கதானே விருந்துக்கு வந்தவங்க கிட்டெல்லாம் பீத்திப்பீங்க? வந்தேன். இவர் பேரைத் தேடினேன். மூணு இருந்துச்சு. இவரையே கேட்டேன். சொன்னார். அதோட முடிஞ்சுது." மாமியார் கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். "ஆனா பாருங்க... கம்ப்யூட்டர் சும்மா கிடந்துச்சு. பின்னாடி யாரும் நிக்கலை..."

"அதனால...?"

"உங்க பேரையும் போட்டுப் பார்த்தேன்."

துப்பறிவாளன் சிரித்தான். "என் பேர்ல என்ன அத்தை இருக்கப் போவுது?"

"ஒண்ணுமே இல்லை."

"அதானே!"

"இல்லை மாப்பிள்ளை. ஒண்ணுமே... *இல்லை!*"

சிரிப்பு அவன் உதட்டிலேயே காய்ந்தது.

கம்ப்யூட்டரிடம் ஓடினான். தன் பெயரை அடித்தான். ஓர் எழுத்து தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான்.

'பதிவு எதுவும் இல்லை.'

மனைவியின் பெயரை அடித்தான்.

'பதிவு எதுவும் இல்லை.'

"இருக்காது! இதே ஊர்லதான் கல்யாணம் பண்ணோம்! நூறு பேர் பார்த்தாங்க!"

"நூறு பேர் பார்த்தாங்க சார். நாங்கதான் பார்க்கலை." கவுன்ட்டர் அம்மணி மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "கையெழுத்துப் போட்ட பத்திரத்தை யார் இங்க கொண்டு வந்து குடுத்தது? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தான்.

மேடை. கைதட்டல். கல்யாணத்தை நடத்தி வைத்தவர் மடித்த காகிதத்தை அவன் கையில் வைத்து, 'மறக்காம ஆபீஸ்ல சேர்த்துடுங்க' என்கிறார். இவன் அதை இதயத்துக்குப் பக்கத்தில்... கோட்டின் உள்பையில் செருகுகிறான்.

கோட்!

நீல நிறக் கோட். மிடுக்கான கோட். மறுநாள் காலை, கூடுதல் வாடகை கேட்பானே என்று பயந்து, அவசர அவசரமாகக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த... வாடகைக் கோட்!

ஏழு வருடமாக அவனுடைய கல்யாணம் வேறு யார் யாருடைய நெஞ்சுப் பையிலோ ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது!

"வாடகைக் கோட்லயே வச்சுத் திருப்பிக் குடுத்துட்டேனே!" என்று முனகினான். நாற்காலியில் சரிந்தான்.

"மூணு கல்யாணம் பதிவானவரைப் பத்தி எனக்குக் கவலை இல்லை," என்றார் மாமியார். "ஒண்ணுகூடப் பதிவாகாத ஆளுக்கு என் பொண்ணைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேனே... அதுதான் கவலை."

"அத்தை! உங்க காலைப் பிடிக்கிறேன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என் மானமே போயிடும். கோபத்துல அவளே போயிடுவா! சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா இனிமே சொல்ல மாட்டேன்."

"அப்பாடா..."

"போன வாரமே சொல்லிட்டேன்."

பிளாஸ்டிக் நாற்காலி வரிசையின் கோடியில், முகத்தை மறைத்து விரிந்திருந்த ஒரு வாரப்பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

மனைவி!

"மூணு மாசமா சான்றிதழ் வாங்கிட்டு வாங்கன்னேன்," என்றபடி எழுந்து வந்தாள். "அசையலை. கொலைன்னு ஒரு வார்த்தை சொன்னேன்... பறந்து வந்தீங்க!"

"அப்போ அந்தப் போன்... எல்லாம் பொய்யா?"

"எது பொய்? நிறையக் கல்யாணம்னேன். மூணு நிறையதானே? பொண்டாட்டி உயிரோட இல்லைன்னேன். இல்லைதானே? கொன்னுடுவார்னு மட்டும் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்தேன்." பல் டாக்டரைப் பார்த்தாள். "சாரி, டாக்டர்."

"பரவாயில்லைம்மா. கொலைகாரன்னு இதுவரை என் பேஷன்ட்டுங்க மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

மனைவி துப்பறிவாளன் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற எல்லார் கல்யாணத்தையும் தேடினீங்க. ஏழு வருஷத்துல நம்ம கல்யாணத்தை ஒரு நாள்கூடத் தேடிப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணலை. இல்லீங்களா?"

கம்ப்யூட்டர் திரையில் 'பதிவு எதுவும் இல்லை' இன்னும் அழியாமல் நின்றது.

"சட்டப்படி நீங்க எனக்கு யாரோ. இந்தக் கதவைத் திறந்து நான் பாட்டுக்குப் போயிட்டா, ஏன்னு கேக்கக்கூட உங்களால முடியாது."

கண்ணாடிக் கதவு அவளுக்கு நான்கடி தூரத்தில் இருந்தது. துப்பறிவாளன் கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூடி வைத்த மூன்றாவது தொகுதியைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து போட்ட அந்தக் கையெழுத்து, மூடிய அட்டைக்கு உள்ளிருந்தும் தெரிவதுபோல் இருந்தது.

அப்புறம் எழுந்தான். சட்டையைச் சரிசெய்தான். தேடுகிறவர்கள் வரிசையிலிருந்து குனிந்து, சிவப்புக் கயிற்றுக்கு அடியில் புகுந்து, கல்யாணம் செய்துகொள்பவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"என்னைக் கட்டிக்கிறியா?" என்றான். "இந்தத் தடவை பத்திரத்தை நீயே கொண்டு வந்து குடுத்துடு."

புது ஜோடி கை தட்டியது. மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

கவுன்ட்டர் அம்மணி பேனாவைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமை, அம்மாவோட கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரு இடம் காலியா இருக்கு. எழுதிடவா?"

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன், தம்பி," என்றார் பல் டாக்டர். "எனக்கு இந்த ஆபீஸ் நல்ல பழக்கம். கோட்டை மட்டும் சொந்தமா வாங்கிடுங்க."

எல்லோரும் மனைவியின் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் நிதானமாக வாரப்பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கயிற்றுக்கு அருகில் வந்தாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவனை ஒரு முறை அளந்தாள்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? முதல்ல மாப்பிள்ளையைப் பத்தி நல்லா விசாரிக்க வேண்டாமா? உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல துப்பறிவாளர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்... ஆனா, கல்யாணம் ஆன ஆளா இருக்கணும்!"