பின்னறைப் பாரம்

இரும்புக் கட்டிலை லொறியில் ஏற்றியாகிவிட்டது. அப்படியிருந்தும், பின்னறைக்குள் கட்டில் முனகும் அந்தப் பழைய சத்தம் தக்சாயினிக்குக் கேட்டது. கார்த்திகை மழை தொடங்கினால், புருஷன் குகதாசன் அந்தக் கட்டிலில் புரண்டு படுக்கும்போதெல்லாம் சுவரைத் தாண்டி அவள் காதுக்கு வருகிற அதே சத்தம், கல்லோடு கல் உரசுவதுபோல, இழுத்து இழுத்து. மனிசன் செத்து முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. கட்டில் கேற்றடியில் லொறிமேல் நனைந்துகொண்டு நிற்கிறது. பிறகு உள்ளே புரள்வது எது?

"செத்தும் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டியளோ?" என்று பல்லைக் கடித்தாள்.

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபப்படுவதற்கு அவள் யாரிடமும் படிக்கப் போக வேண்டியதில்லை. கோப்பாயில் அந்த ஒழுங்கையில் போகிற வருகிற எல்லோருக்கும் அவள் தொண்டை தெரியும். ஆனால் கோபப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா? பஸ் திருத்தும் கராச்சில் வேலை செய்த குகதாசன் வீட்டுக்கு வரும்போது சைக்கிள் கரியரில் எதையாவது கட்டிக்கொண்டுதான் வருவார். உடைந்த ஆட்டுக்கல், பழுதான இறைப்பு மிசின், தண்டவாளத் துண்டு, துருப்பிடித்த எஞ்சின். எல்லாம் பின்னறைக்குள் போகும். எதற்கென்று கேட்டால் "கிடக்கட்டும்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. கல்லுளிமங்கன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். மழைக்காலம் தொடங்கியதும் தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்விடுவாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கட்டின பெண்சாதியை விட்டுவிட்டுப் பழைய இரும்போடு படுக்கிற மனிசனை வேறெங்கே கண்டது? வருஷா வருஷம் வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு அவள் கத்தினாள். கத்தக் கத்த மகள் கஜானியும் தள்ளிப் போனாள். வவுனியாவில் கலியாணம் முடித்தவள், பிள்ளைப் பேற்றுக்குக்கூடத் தாயிடம் வரவில்லை.

"அந்த இரும்புக் குப்பையும் வேண்டாம், உங்கடை கத்தலும் வேண்டாம். ரண்டும் இல்லையெண்டால் சொல்லுங்கோ, பிள்ளையோடை வாறன்" என்று கஜானி போனில் சொல்லியிருந்தாள்.

பேத்தியைத் தக்சாயினி இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாள். குப்பையை எடுத்துவிடுகிறேன், கத்தவும் மாட்டேன் என்று போன கிழமைதான் வாக்குக் கொடுத்தாள். இன்று பின்னேரம் கஜானி வருகிறாள்.

"அக்கா, உதுகளையும் ஏத்தவோ?" பழைய இரும்பு வாங்கும் ஜெயரூபன் அறை நடுவில், கட்டில் நின்ற இடத்தில் மிஞ்சிக் கிடந்த குவியலைக் காட்டினான்.

"ஒண்டும் மிஞ்சக்கூடாது தம்பி. வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போ."

அவன் தண்டவாளத் துண்டைத் தூக்கி மூச்சு வாங்கினான். "அண்ணை ஒரு பிளாஸ்டிக் போத்தல், ஒரு பேப்பர் கட்டுக்கூடச் சேர்க்கேல்லை, பாத்தியளோ? எல்லாம் பாரமான சாமான். என்னட்டையும் பாரத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினவர்."

"விசர் மனிசனுக்குப் பாரமென்ன, லேசென்ன."

கடைசி ஆட்டுக்கல்லை உருட்டியபோது கீழே ஒரு சீமெந்து மூடி தெரிந்தது. கட்டில் அகலம் இருக்கும். அறையின் மற்றத் தரையெல்லாம் காய்ந்து கிடக்க, மூடியைச் சுற்றி மட்டும் ஈரம்.

"உதுக்குக் கீழை என்னக்கா?"

"பழைய கிணறு. கஜானி வயித்திலை இருக்கேக்கை இன்னொரு அறை வேணுமெண்டு நான்தான் ஒற்றைக் காலிலை நிண்டனான். கிணத்தைத் தூர்க்கிறது பாவமெண்டு மேசன் மாட்டனெண்டிட்டார். மூடியைப் போட்டு மேலை அறையைக் கட்டினது."

ஜெயரூபன் மூடிமேல் வைத்திருந்த காலை எடுத்துக்கொண்டான். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. தக்சாயினி அறையைக் கூட்டிக் கழுவினாள். சன்னலைத் திறந்தாள். வெளியே மழை விட்டபாடில்லை. முற்றத்துப் புதுக் கிணற்றில் தண்ணீர் கட்டுவரை ஏறி நின்றது. குகதாசனின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தேடி எடுத்து, கூரை வளையில் கயிறு போட்டுப் பேத்திக்கு ஏணைத் தொட்டில் கட்டினாள். அந்த மனிசனின் சாமான்களில் அவள் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஏணை மூடியின் ஓரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, தரைக்குக் கிட்ட, பதிவாகத் தொங்கியது. கையால் தட்டிப் பார்த்தாள். மெதுவாக ஆடியது. அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூடியைச் சுற்றி மறுபடியும் ஈரம்.

துணியை எடுத்துத் துடைத்தாள். மறுபடி கசிந்தது. பாசி மணம் வந்தது. பாசிக்கு உள்ளே இன்னொரு மணம், தலைக்கு முழுகிவிட்டுக் காயவிடாமல் முடிந்துவைத்த கூந்தலின் புழுங்கல் மணம். எரிச்சலோடு துணியை மூடி ஓரத்தில் போட்டுவிட்டு வாளி எடுக்கத் திரும்பினாள். கரகரவென்று அதே சத்தம். திரும்பிப் பார்த்தாள். துணியின் பாதி மூடிக்குக் கீழே இருந்தது.

யாரும் மூடியைத் தூக்கவில்லை. தூக்காமல் துணி எப்படிக் கீழே போகும்?

இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மறுபக்கத்திலிருந்தும் இழுபட்டது. வெடுக்கென்று அல்ல, பொறுமையாக. துணி அவள் விரல்களுக்குள் வழுகிப் போய் முடிந்தது.

மூடியின் ஒரு மூலை மெல்ல எழும்பியது.

அவளுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பாரம். கார்த்திகை. தலையணையோடு போகிற மனிசன். அவர் அவளை விட்டுவிட்டுப் படுக்கப் போகவில்லை. இதன்மேல் படுக்கப் போயிருக்கிறார்.

"வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் முத்து உதிர்ந்திடுமோ?" கத்தலாகத் தொடங்கியது அழுகையாக முடிந்தது. "இத்தினை வருஷம் உங்களைத் திட்டித் தீர்த்தனே. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!"

வீடு முழுக்க ஓடினாள். பிளாஸ்டிக் கதிரை. பஞ்சு மெத்தை. வெறும் வாளி, நிரப்ப நேரமில்லை. பாரமாக ஒன்றும் இல்லை. ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். "லொறி சுன்னாகம் தாண்டீட்டுதக்கா" என்றான். உள்ளே கரகரப்பு. அறைக்கு ஓடி வந்தாள். மூடி ஒரு சாண் உயர்ந்து நின்றது. உள்ளே இருட்டு. கிணற்றில் தண்ணீர் கிடந்தால் சன்னல் வெளிச்சம் கொஞ்சமாவது மினுங்க வேண்டும். மினுங்கவில்லை.

ஓடிப்போய் அதன்மேல் குந்தினாள்.

மூடி இறங்கியது. அடங்கியது. அவளுக்குக் கீழே ஏதோ ஒன்று, அவள் பாரத்தை நிறுத்துப் பார்ப்பதுபோல, மெல்ல முட்டியது. விட்டது. மறுபடி முட்டியது.

கேற்றடியில் ஓட்டோ நின்றது.

"அம்மா! எங்கை நிக்கிறியள்? வீடு எவ்வளவு பெரிசாக் கிடக்கு!" கஜானி ஈரத் தலையோடு அறை வாசலில் வந்து நின்றாள். தோளில் குழந்தை நித்திரை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. தாயைப் பார்த்து அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! "உண்மையாவே எல்லாத்தையும் எடுத்திட்டியள். கூட்டிக் களைச்சுப் போனியளோ?"

கத்து என்றது நெஞ்சு. கத்தினால் திரும்பிப் போய்விடுவாள் என்றது வேறொன்று.

"பிள்ளை... இஞ்சை வேண்டாம்... வெளியாலை..." வெறும் காற்றுத்தான் வந்தது.

"சத்தம் போடாதேங்கோ, இப்பதான் கண் அயர்ந்தவள்." கஜானி குனிந்து குழந்தையை ஏணையில் கிடத்தினாள். "அப்பான்ரை வேட்டியோ? பையளை எடுத்துக்கொண்டு ஓடியாறன். நீங்கள் ஆறுதலா இருங்கோ."

போய்விட்டாள்.

குழந்தையை முதன்முதலாகப் பார்த்தாள் தக்சாயினி. குகதாசனின் மூக்கு. கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் சரிந்தாள். சரிந்த பக்கம் பாரம் போக, மற்றப் பக்கம் மூடி எழும்பியது. திரும்பிக் குந்தினாள். மூடி முழுதாக இறங்கவில்லை. அவள் ஒருத்தியின் பாரம் போதவில்லை.

இடுக்கிலிருந்து ஈரமாக ஒன்று வந்தது. விரல் மாதிரி. விரலைவிட நீளம். தரையைத் தடவித் தடவி வந்து, ஏணையின் தொங்கலைத் தொட்டது.

அப்போது கத்தினாள். வாழ்நாளில் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி கத்தினாள். "கஜானீ! பிள்ளையைத் தூக்கு! ஓடியா! ஓடியா!"

வாசலில் பைகள் தொப்பென்று விழுந்தன. அந்தக் கத்தலில் சொற்கள் சிதைந்து, கஜானிக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் ஓட்டோக்காரனுக்குச் சொல்வது மழைக்கூடாகத் தெளிவாகக் கேட்டது.

"துடங்கீட்டா. ஒரு மணித்தியாலங்கூடப் பொறுக்கேல்லை. கத்தி முடியட்டும் அண்ணை, பிறகு உள்ளை போறன்."

எழும்பினால் மூடி திறக்கும். இருந்தால் கை எட்டாது. தக்சாயினி கத்தினாள். கத்திக்கொண்டே பார்த்தாள்.

குழந்தை கண் விழித்துச் சிரித்தது. ஏணை ஆடவில்லை. மூடிப் பக்கம் சரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.