மருந்து குடித்த எலிகள்

"ஐயோ...!"

அந்த அலறலில் ஏரிக்கரைக் குதிரைகள்கூட மிரண்டன.

கொடைக்கானல். 1961. மார்கழிக் காலை.

அலறியவள் அன்னக்கொடி. டாக்டர் சேனாதிபதியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவுகிறவள்.

கூண்டுகளுக்குள் எலிகள்... கால்கள் விறைத்து... வாயில் நுரை!

டாக்டர் ஓடி வந்தார். பின்னாலேயே உதவியாளன் நல்லுசாமி.

"எல்லாமே செத்துடுச்சா?"

"மருந்து குடுத்த எலி பூராவும் செத்துக் கெடக்குங்க ஐயா! பச்சத்தண்ணி குடுத்ததுக மட்டும் நல்லா ஓடுதுக..."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

பூண்டிச் சோலையில் தோண்டிய வேர். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து இறக்கிய சாறு. எலிகளின் புற்றுநோய்க் கட்டி அதில்தான் கரைந்துகொண்டிருந்தது. நேற்றுவரை!

"வேர்லயே விஷம் இருக்கு டாக்டர்," என்றான் நல்லுசாமி. "கொஞ்சங் கொஞ்சமா உடம்புல சேர்ந்து கொன்னிருக்கு. இந்தச் செடிய விட்டுருவோம். நல்லவேளை, எந்த மனுசனுக்கும் குடுக்கல."

தொப்!

அன்னக்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடுத்துட்டேனுங்களே..."

"என்னது?"

"எங்க அக்கா காளியாயி... மார்ல கட்டிங்க. மதுரை ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாக. இங்க எலிக்குக் கட்டி கரையிறதப் பாத்தேன்... தெனம் கொஞ்சம் சாறு திருடிட்டுப் போயி..."

நல்லுசாமியின் முகம் வெளுத்தது.

"ஏ புள்ள! கடைசியா எப்ப எடுத்த? நேத்துக் காலையிலயா... சாயங்காலமா?"

"சாயங்காலங்க. இன்னைக்கு வெறும் வயித்துல குடிக்கச் சொல்லி..."

"ஐயோ! வெரசா ஓடு!"

டாக்டர் மெல்ல எழுந்தார்.

"நல்லுசாமி... வேர்தான் விஷம்னு இப்பத்தானே சொன்ன? அப்ப காலையில எடுத்தா என்ன, சாயங்காலம் எடுத்தா என்ன?"



நல்லுசாமியின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை!

"பாஷாணம் டாக்டர்... நேத்து மத்தியானம் சாத்துல கலந்தேன். நீங்க செடிய விட்டுட்டா, நான் அத பம்பாய் மருந்துக் கம்பெனிக்குக் கொண்டுபோயி பெரிய வேலையில சேரலாம்னு... எலிதான் சாகும்னு நெனச்சேன்! மனுசி சாவான்னு நெனக்கல!"

டாக்டர் அவனை எலி அறைக்குள்ளேயே தள்ளிப் பூட்டினார்.

ஜீப் சீறியது.

பனிமூட்டம். வளைவில் கேரட் மூட்டை ஏற்றிய லாரி வழியை அடைத்து நின்றது.

"ஏலே, லாரிய எடுலே!" அன்னக்கொடி தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்ன தாயி, தலை போற சோலியா?"

"தலைதாண்டா போவுது! எடு!"

லாரி ஒதுங்கியது. ஜீப் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கத் தாண்டியது.

குடிசைக் கதவு சாத்தியிருந்தது.

"அக்கா...!"

பதில் இல்லை.

கதவை உதைத்தாள்.

தரையில் காளியாயி. அசைவில்லை. கண்கள் மூடியிருந்தன. தலைமாட்டில் சாற்றுச் சீசா...

காலி!

"போயிட்டியா அக்கா! நானே உன்னயக் கொன்னுட்டேனே!"

அன்னக்கொடி மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். டாக்டர் குனிந்து நாடியைத் தேடினார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"எவடி அவ... வெள்ளனே ஒப்பாரி வைக்கிறது? மனுசி செத்த நேரம் அசந்தா பொறுக்காதா?"

"அக்கா! மருந்து... குடிச்சியா?"

காளியாயி டாக்டரைப் பார்த்தாள். அசடு வழிந்தாள்.

"வையாதடி. அந்தக் கசப்ப எவ குடிப்பா? ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. தெனமும் கொல்லையில ஊத்திருவேன். நீ ஆசையாக் கொண்டாறியேன்னுதான் சொல்லல."

"அடிப்பாவி!" அன்னக்கொடி அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மலையில சொன்ன பேச்சக் கேட்டு ஒழுங்கா மருந்து குடிச்சது எலிங்க மட்டும்தான்... பாவம், அதான் செத்துப்போச்சு!"