இருபத்திரண்டு துண்டுகள்

கவசம் முழுவதையும் கழற்றிய பிறகும் பொம்மையின் எடை குறையவில்லை.

அவள் தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். சமையலறைத் தராசுதான், ஆனால் இதுவரை ஒரு கிராம்கூடப் பிசகியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, கவசத்துடன் நிறுத்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். கழற்றிய இருபத்திரண்டு துண்டுகள் மட்டும் அறுபத்தொன்று. மிச்சம் நூற்றைம்பத்தொன்று இருக்க வேண்டும். தராசின் மேல் மல்லாந்து கிடந்த அந்தச் சாம்பல் நிற உள்ளுடல் மறுபடியும் இருநூற்றுப் பன்னிரண்டு என்றே காட்டியது.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீடியோவில் எடையைப் பற்றிப் பேச வேண்டாம், உயரத்தை மட்டும் சொன்னால் போதும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தாள். பதினைந்தரை சென்டிமீட்டர்.

மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு, நேர்மேலே ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கும் பழைய போன். அந்தப் போனுக்கு அவள் முகம் தெரியாது, கைகள்தான் தெரியும். பொம்மைகளைப் பிரித்து, திருப்பி, வளைத்துக் காட்டும் கைகள். பார்க்கிறவர்கள் அவளுக்கு ‘விரல் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே திணறுகிறவள், அந்தத் துணியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் தங்குதடையில்லாமல் பேசுவாள். ஒரு நாளில் அவள் பேசும் பேச்சே அவ்வளவுதான். சில வாரங்களில் அதுவும் கிடையாது.

பொம்மை வாடகைக்கு வந்ததல்ல, இரவலாக வந்தது. பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன். தலைக்கவசம், தோள், மார்பு, முழங்கால் என்று வெள்ளி நிறத்தில் இருபத்திரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் சிறு முளையால் உடம்பில் பொருந்தியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினால் ‘டக்’கென்று கழன்று வரும். சேகரிப்புப் பொருள் விற்கும் கடைக்காரர் நம்பிக் கொடுத்திருந்தார். இன்று ஐந்து மணிக்குள் வீடியோ வர வேண்டும். பிடித்துவிட்டால் இனி வாரம் ஒரு பொம்மை, நிரந்தரமாக. பிடிக்காவிட்டால் இந்த அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்கா மத்தியானமே போன் செய்திருந்தாள்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“பொய். அந்தக் கடைக்காரர் வேலை தரலன்னா மாசக் கடைசியில மூட்டையக் கட்டிட்டு இங்க வந்துரணும். அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

“சரிக்கா.”

“ஊர்ல எல்லாரும் பொம்மையத்தான் பெட்டிக்குள்ள வைப்பாங்க. நீ உன்னையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கம் வர்றேன், என்கிட்டயும் ஒரு சாவி இருக்கே. கதவத் தட்டினா தூங்கற மாதிரி நடிக்காத.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா வீட்டில் தனக்குக் கிடைக்கப்போவது கூடத்து மூலையில் ஒரு பாய் என்பதும், அங்கே இந்த மேசைக்கு இடமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மேசை இல்லையென்றால் குரலும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. மணி மூன்றரைதான், ஆனாலும் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கழற்றும் காட்சி முடிந்திருந்தது. கழற்றிய வரிசையிலேயே துண்டுகள் துணிமேல் இடமிருந்து வலமாக, ஒரே இடைவெளியில் கிடந்தன. கடைசியாகக் கழன்றது தலைக்கவசம். பெட்டியின் படத்தில் அதற்குள் ஒரு இளைஞனின் முகம் இருந்தது. இங்கே வழுவழுவென்று சாம்பல் நிறம் மட்டும். “முகத்துக்கு பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்க போல, இது ஒரு குறை” என்று கேமராவுக்குச் சொல்லியிருந்தாள்.

அடுத்தது கவசத்தைத் திரும்பப் பூட்டும் காட்சி. பழைய பொம்மை, முளைகள் எல்லாம் இறுக்கம். பூட்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும், வீடியோவில் அது வரப்போவது அரை நிமிடம். அவளிடம் இதற்கொரு வழி இருந்தது. கழற்றும் காட்சியைப் பின்னோக்கி ஓடவிட்டால் பூட்டுவது போலவே இருக்கும். துண்டுகள் துணியிலிருந்து எழும்பி விரலுக்கு வரும், விரல் அவற்றை உடம்பில் ஒட்டவைக்கும். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். உள்ளுடலைப் பெட்டியின் பள்ளத்தில் கிடத்தி மூடினாள். கிடத்தும்போது ஒரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் வாசனை இல்லை. அவள் சின்ன வயதில் கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கழித்து அவிழ்த்தபோது உள்ளேயிருந்து வந்த வாசனை. காற்றுப் படாத தோலின் வாசனை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து எடிட் செய்ய உட்கார்ந்தாள்.

பின்னோக்கி ஓடிய காட்சி நன்றாகத்தான் தொடங்கியது. தலைக்கவசம் ஏறியது. பிறகு தோள் துண்டு தோளை நெருங்கியபோது அந்தச் சாம்பல் உடம்பு லேசாக விலகியது. அவள் காட்சியை நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். விலகியது. மார்புத் துண்டு வந்தபோது முதுகை வளைத்துப் பின்வாங்கியது. முழங்கை உறை ஏறும்போது கை மடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. குளிர்ந்த சட்டையைப் போட்டுவிட வரும்போது குழந்தை அடம்பிடிக்குமே, அப்படி.

மூட்டு தளர்ந்திருக்கும். தன் விரல் பட்டு அசைந்திருக்கும். அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, அசல் காட்சியை நேர்வாக்கில் ஓட்டிப் பார்த்தாள்.

அதில் அது அடம்பிடிக்கவில்லை. ஒத்துழைத்தது. அவள் நகம் தோளுக்குப் போகும் முன்பே தோள் உயர்ந்து கொடுத்தது. முழங்கை உறையை இழுத்தபோது கை வாகாக நீண்டது. மார்புத் துண்டு கழன்றதும், ஒரே ஒரு கணம், மார்பு இருந்த இடம் விரிந்து அடங்கியது.

படம் பிடிக்கும்போது அவள் இதையெல்லாம் பார்க்கவில்லை. எப்போதும் போல விரலையும் முளையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி நான்கே முக்கால். மழைத்தண்ணீர் ஜன்னல் கம்பியில் வழிந்துகொண்டிருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தை. பிறகு, வேறு வழி தெரியாமல், வீடியோவை ஏற்றிவிட்டாள்.

கடைக்காரரின் அழைப்பு ஐந்தே காலுக்கு வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“ஏம்மா, கவசம் போடறப்ப அது முரண்டு பிடிக்கற மாதிரி பண்ணியிருக்கியே, எப்படிம்மா? ஒவ்வொரு படமா நகர்த்தி எடுத்தியா? கமெண்ட்ல எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க.”

“ஆமா சார்.”

“பிரமாதம். அடுத்த வாரத்துலேருந்து வேலை உனக்குத்தான். ஒரே ஒரு விஷயம். நிஜமாவே எல்லாத்தையும் திரும்பப் பூட்டிட்டல்ல?”

அவள் கட்டிவைத்த பையைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. இது, இத எனக்கு வித்த அம்மாவோட தம்பி சேத்து வச்ச பொருள். அவர் காணாமப் போயிட்டாராம். காசு கம்மியானாலும் பரவால்ல, கவசமில்லாம ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாதுன்னு அந்தம்மா கைய பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. அவங்க மனசுக்கு ஏதோ. பூட்டிட்டல்ல?”

இல்லை என்றால் வீடியோ பொய் என்றாகிவிடும். வேலை போகும். அறை போகும்.

“பூட்டிட்டேன் சார்.”

போனை வைத்ததும் பெட்டியைத் திறந்தாள். உள்ளுடல் அதே பள்ளத்தில்தான் கிடந்தது. ஆனால் பள்ளத்துக்குள் அடங்கவில்லை. தலை ஒரு பக்கமும் பாதம் மறுபக்கமும் விளிம்பைத் தாண்டி நின்றன. அளவுகோலை வைத்தாள். பதினேழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். பதினேழேகால்.

பையைக் கொட்டி, மார்புத் துண்டை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். முன்னும் பின்னுமான அதன் இரண்டு பாதிகளும் சேரவில்லை. நடுவே அரை விரற்கடை இடைவெளி. அழுத்தினாள். சாம்பல் நிறம் அவள் கட்டைவிரலுக்கு அடியில் அமுங்கியது. விரலை எடுத்ததும் மெல்ல, மிக மெல்ல, மேலே வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பெட்டியை மூடினாள். பீரோவுக்குள் வைத்தாள். பீரோவைப் பூட்டினாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக்கு வந்துடறேன்.”

“வேலை கிடைக்கலையா?”

“கிடைச்சிருச்சு. எனக்கு வேணாம்.”

“அழறியா? இருடி, கிளம்பிட்டேன். அங்கேயே இரு.”

“மேல வராதக்கா. நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்துடறேன். நீ மேல வராத, சரியா?”

“என்னடி சொல்ற, சரியா கேக்கல, மழை பாதிய முழுங்குது...”

தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் பீரோவின் தகடு ஒருமுறை உப்பி, உள்ளே போனது. தகரம் வெயிலில் எழுப்பும் சத்தம். வெயில் இல்லை. மறுபடி உப்பியது. இந்த முறை உள்ளே போகவில்லை.

செருப்பைத் தேடவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கி ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. ஆறு மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன. வெறுங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. ஒரு பஸ் வந்தது, முதியவர் ஒருவர் இறங்கிப் போனார். இன்னொரு பஸ் நிற்காமலே போனது. பஸ் வரும் திசையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. தெருவின் மறுமுனையிலும் ஒரு வழி உண்டு என்பதும், அக்காவின் வேலையிடத்திலிருந்து நடந்து வந்தால் அதுதான் பக்கம் என்பதும் நினைவுக்கு வந்தபோது கையிலிருந்த போன் அடித்தது.

“எங்கக்கா இருக்க?”

“ஏய், யாருடி பேசறது?” அக்காவின் குரல் தணிந்திருந்தது. “நீ இங்கதான உக்காந்திருக்க. எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கற. இந்தக் குளிர்ல ஏன்டி உடம்புல ஒரு துணிகூட...”

“அக்கா, வெளிய வா. அக்கா!”

“இரு, இரு. திரும்பறா.”

அதன் பிறகு மழைச்சத்தம் மட்டும். அவள் பக்கத்து மழையா, ஜன்னல் பக்கத்து மழையா என்று தெரியவில்லை. பிறகு அதுவும் நின்றது.

ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். தெருத் திருப்பத்தில் மாடி ஜன்னல் தெரிந்தது. மேசை விளக்குகள் இரண்டும் எரிந்தன. படம் பிடித்து முடித்ததுமே அவள் அவற்றை அணைத்திருந்தாள். உள்ளே யாரோ குனிந்து, அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் முடி இல்லை.

உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. அழைப்பு இல்லை. உங்கள் சேனல் இப்போது நேரலையில் இருக்கிறது என்றது திரை.

விரல் தானாக அதைத் தொட்டது.

வெள்ளைத் துணி. நேர்மேலிருந்து, எப்போதும் போல. துணி காலியாக இருந்தது. ஓரத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. ‘விரல் அக்கா வந்தாச்சு.’ ‘இன்னிக்கு ரெண்டாவதா?’ ‘அக்கா கையில என்ன கிளவுஸ், செமயா இருக்கு.’

இரண்டு கைகள் வந்தன. சாம்பல் நிறம். நகம் இல்லை. அவள் வைப்பது போலவே, மிகவும் பொறுமையாக, துணியின் இடது ஓரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடியை வைத்தன. ஒரே இடைவெளி விட்டு, கைக்கடிகாரம். பிறகு தலைமுடிக் கிளிப், அதில் இன்னும் இரண்டு முடி. பிறகு மோதிரம், அது சுலபத்தில் கழன்றிருக்காது, ஐந்து வருடமாக அக்காவின் விரலிலிருந்து அது கழன்றதே இல்லை.

‘இது எந்த பொம்மையோட செட் அக்கா?’

மோதிரத்துக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அந்தக் கைகள் துணியை நீவி, சுருக்கமெடுத்து, வேண்டிய அளவு அகலமாக அந்த இடத்தைத் தயார்செய்தன. பிறகு இரண்டும் சேர்ந்து படத்துக்கு வெளியே போயின.

துணி காத்திருந்தது. எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. இதுவரை அவள் கழற்றிய எந்தப் பொம்மையிலும் கேட்காத அளவுக்குப் பெரிய சத்தம்.